ஒப்பரேசன் திகதிக்கு முன்னால் இருக்கிற கிழமைகள்

நாய்க்கு முன்னங்கால் முழங்கை மூட்டில் கோளாறு என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், ஒப்பரேசனுக்குத் திகதியும் தந்துவிட்டார்கள் என்றால், வன்னியில் பல வீடுகளில் அதற்குப் பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. நாய் விறாந்தைத் தூணில் கட்டுப்பட்டுக் கிடக்கும். பாவம், வருத்தக்காரன் என்று சோறு ஒரு அகப்பை கூடும். இரவில் முனகினால் மருந்துக்கடையில் வாங்கிய நோக்குளுசை ஒன்று. யாராவது கேட்டால், "திகதி வரட்டும், வெட்டினால் சரியாயிடும்" என்று பதில் வரும். இந்தப் பதிலை எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. தூணும் அந்தக் கூடுதல் அகப்பையும் மருந்துக்கடைக் குளுசையும் சேர்ந்து, ஒப்பரேசன் தரப்போகிற நன்மையில் பெரும்பகுதியை முன்கூட்டியே தின்றுவிடுகின்றன.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ இருப்பவருக்கு இந்தச் சத்திரசிகிச்சை பக்கத்தில் கிடைப்பதில்லை. அரச கால்நடை வைத்தியர் அலுவலகங்களுக்கு மாடு, ஆடு, கோழி, சினைப்படுத்தல், விசர்நாய்த் தடுப்பூசி என்று தலைக்கு மேல் வேலை. மூட்டுக்குள் போய்ச் செய்கிற வேலைக்குப் பெரும்பாலும் பேராதனையில் உள்ள மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புப் பக்கத்துத் தனியார் இடங்களுக்கோதான் அனுப்புவார்கள். அதனால் நோய் தெரிந்த நாளுக்கும் கத்தி வைக்கிற நாளுக்கும் இடையில் சில கிழமைகள் விழுந்துவிடும். சிகிச்சையில் பாதிக்கு மேல் அந்தக் கிழமைகளுக்குள் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெட்டினால் எது சரியாகும்

நாயின் முழங்கை மூன்று எலும்புகள் சந்திக்கிற இடம். மேலே புயவெலும்பு, கீழே ஆரையும் அரந்தியும். வளர்கிற வயதில் இவை ஒன்றுக்கொன்று பொருந்தி வளராவிட்டால் மூட்டின் உட்பக்கத்தில் பாரம் பிழையாக விழும். லாபிரடோர், ரொட்வைலர் இனங்களில் அரந்தியின் உட்பக்க முனை வெடித்துச் சிறு துண்டாகக் கழன்று நிற்பது அதிகம். ஜேர்மன் ஷெப்பர்ட் இனத்தில் அரந்தியின் பின்பக்க முனை, 20 கிழமை வயதுக்குள் ஒட்டிவிட வேண்டியது, ஒட்டாமலே நின்றுவிடும். புயவெலும்பின் நுனியில் குருத்தெலும்பு செதிலாகப் பெயர்வது மூன்றாவது வகை. எல்லாவற்றையும் 'எல்போ டிஸ்பிளேசியா' என்ற ஒரே பெயரில் துண்டுச் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் வைத்தியம் வகைக்கு வகை வேறு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "டொக்டர், இதிலை எந்த வகை? ரெண்டு முழங்கையையும் படம் எடுத்தனீங்களோ?" என்பதுதான். இந்த நோய் இரண்டு கால்களிலும் இருப்பது வெகு சாதாரணம். கூடுதலாக நோகிற காலை மட்டும் நாய் காட்டிக்கொடுக்கும்.

எக்ஸ்ரேயை மயக்க ஊசி போட்டு, முழங்கையை நன்றாக மடித்துப் பக்கவாட்டில் ஒன்று, முன்பக்கமாக ஒன்று என்று எடுப்பார்கள். கழன்ற துண்டு பல படங்களில் தெரியவே தெரியாது. அதன் விளைவாக மூட்டு ஓரத்தில் முளைத்திருக்கிற எலும்புத் துருத்தலைத்தான் பார்க்கிறார்கள். சர்வதேச அளவில் இதற்கு 0 முதல் 3 வரை தரம் கொடுக்கிற முறை உண்டு. துருத்தல் 2 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் 1, 2 முதல் 5 வரை 2, 5 ஐத் தாண்டினால் 3. துண்டை நேரடியாகக் காட்டுவது சி.டி. ஸ்கான், அல்லது மூட்டுக்குள் விடுகிற சிறு கமரா. படத்தை வேறொரு வைத்தியரிடம் காட்டுவதென்றால் கணினித் திரையைப் போனில் கிளிக் பண்ணி வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மில்லிமீற்றர் கணக்கில் பார்க்க வேண்டியது அதில் மங்கிவிடும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

சத்திரசிகிச்சை செய்வது இவ்வளவுதான்: கழன்ற துண்டையும் கெட்டுப்போன விளிம்பையும் எடுப்பார்கள். ஒட்டாத முனையென்றால், நாய் இளசாக இருந்தால், ஆணி முறுக்கிப் பொருத்துவார்கள், அல்லது அழுத்தம் குறைய அரந்தியைக் குறுக்கே அறுத்துவிடுவார்கள், சில வேளை இரண்டும். காலம் கடந்திருந்தால் முனையையே எடுத்துவிடுவார்கள். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப முளைக்காது. தொடங்கிவிட்ட மூட்டுவாதம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இருக்கும். எட்டு மாதக் குட்டிக்குத் துண்டு கழன்றிருந்தால் ஆறு மாதம் இழுத்தடிப்பது அநியாயம். ஏழு வயது நாய்க்குத் தரம் 3 என்றால், நிறைக் குறைப்பும் மருந்தும் அளவான நடையும் தருவதை விடக் கத்தி அதிகம் தராமல் போகலாம். அப்படியான நாயை வெட்டாமல் வைத்துப் பார்ப்பதும் முழுமையான வைத்தியம்தான். அதற்காக யாரும் குற்ற உணர்வில் வேகத் தேவையில்லை.

நொண்டலைக் கமராவில் பிடித்தல்

வைத்தியரிடம் கொண்டுபோனதும் நாய் நொண்டாது. புது இடம், புது மணம், பயம் எல்லாம் சேர்ந்து நோவை மறைத்துவிடும். ஆகவே வீட்டில் எடுத்த வீடியோதான் சாட்சி. காலையில் நாய் படுத்து எழும்பிய முதல் சில நிமிடங்களில் எடுங்கள். கிரவல் றோட்டு வேண்டாம், சமமான தரை வேண்டும். ஒருவர் பட்டியைத் தளர்வாகப் பிடித்து 15 மீற்றர் அளவு நடத்த, மற்றவர் முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. பிறகு அதையே சிறு ஓட்டத்தில். போனில் மெதுவோட்ட வசதி இருந்தால் அதைப் போடுங்கள். நோகிற கால் நிலத்தில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். இரண்டு முழங்கையும் நொந்தால் தலை ஆடாது. அடி குறுகும், பாதம் வெளிப்பக்கம் திரும்பும், படியிறங்கத் தயங்கும். அந்த நாயைத்தான் "சோம்பேறி, ஓடாது" என்று விட்டுவிடுகிறோம்.

வீடியோவுக்கு முன்னம் பாதத்தைப் பாருங்கள். விரலிடுக்கில் விடத்தல் முள் ஒடிந்து நின்றாலும், உண்ணி குவிந்திருந்தாலும் இதே நொண்டல்தான். பிறகு இரண்டு முழங்கைகளையும் இரண்டு கைகளாலும் ஒரே நேரம் வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். முழங்கை முனைக்கும் புயவெலும்புக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும். மூட்டில் நீர் கோத்திருந்தால் அந்தப் பள்ளம் நிரம்பி மெத்தென்று விரலைத் தள்ளும். ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மெத்தென்றும் இருந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். இளம் ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களில் நொண்டல் இன்று ஒரு கால், இரண்டு கிழமையில் இன்னொரு கால் என்று மாறிக்கொண்டிருந்தால் அது வளரும் எலும்பின் அழற்சியாகவும் இருக்கலாம். அது தானாகவே அடங்கும்.

இரத்தம் பார்க்காமல் பயணம் வேண்டாம்

இந்த விஷயம் முழுவதிலும் எதையாவது ஒன்றை மட்டும் கேளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். நோய் தெரிந்த அதே கிழமையில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒப்பரேசன் காலையில் செய்யலாம் என்று விடாதீர்கள்.

காரணம் உண்ணி. எங்கள் பக்கத்து நாய்களில் உண்ணிக் காய்ச்சல் படாதது அபூர்வம். எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டுதான் முக்கியமான கிருமிகள். எர்லிக்கியா ஒரு நாயின் உடம்பில் வெளியே எதையும் காட்டாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். நாய் சாப்பிடும், குரைக்கும், படலைக்கு ஓடும். உள்ளே இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கும். டெங்கு வந்துபோன வீடுகளுக்குப் பிளேட்லெட் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. நாய்க்கு அது ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 2 இலட்சத்திலிருந்து 5 இலட்சம் வரை இருக்க வேண்டும். 1 இலட்சத்துக்குக் கீழே இறங்கிய நாயின் மூட்டை, உயிராபத்து இல்லாத ஒரு சத்திரசிகிச்சைக்காகத் திறக்கப் பல வைத்தியர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்கவும் கூடாது. மூட்டுக்குள் கசிகிற இரத்தம் அந்த மூட்டையே கெடுக்கும்.

இதை ஒப்பரேசன் அன்று காலையில் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடிய முன்னம் வான் பிடித்து, ஏ9 வீதியில் வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை தாண்டி ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாத ஓட்டம். நாய் வெறும் வயிறு. ஊசி குத்தி இரத்தம் எடுத்து, இயந்திரம் எண் காட்டியதும் "இன்றைக்குச் செய்யேலாது, மருந்து போட்டுவிட்டுப் பிறகு வாங்கோ" என்பார்கள். அதே வான், அதே றோட்டு, அதே நாய், திகதி மட்டும் போய்விட்டது. எர்லிக்கியாவுக்குக் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் 28 நாள் போக வேண்டும். காத்திருக்கிற கிழமைகளுக்குள் அப்படியே அடங்கக்கூடிய 28 நாள் அது. முதல் கிழமையிலேயே தெரிந்திருந்தால் திகதி வருகையில் மருந்தும் முடிந்து, எண்ணும் ஏறியிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எர்லிக்கியா தானே மூட்டுகளை வீங்க வைக்கும், நொண்ட வைக்கும். முழங்கை நோ என்று முடிவு கட்டிய நாய் டொக்சிசைக்கிளின் தொடங்கிச் சில நாளில் பாதி நொண்டலை விட்டுவிடுவதும் நடக்கும். அப்போது முழங்கையில் நோயே இல்லை என்று திகதியைத் தூக்கிப்போடக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம். மருந்து முடிந்து திரும்ப எடுத்த வீடியோவில் அந்த ஒரு கால் மட்டும் இன்னும் தலையைத் தூக்க வைக்கிறதென்றால், மிஞ்சியது முழங்கை. எது எவ்வளவு என்பது அப்போதுதான் சுத்தமாகத் தெரியும். ஒப்பரேசன் வேண்டுமா இல்லையா என்ற முடிவே சில நாய்களில் இந்த இடத்தில்தான் மாறுகிறது.

பரிசோதனையைப் பற்றி இரண்டு விஷயம். துளி இரத்தத்தில் கோடு காட்டுகிற பட்டைப் பரிசோதனை, நாய்க்கு எப்போதோ கிருமி பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். இப்போது நோய் ஓடுகிறதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முழு இரத்த எண்ணிக்கையும் வேண்டும். எண் மிகக் குறைவாக வந்தால் கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட்டுகள் திரண்டு ஒட்டிக்கொண்டால் இயந்திரம் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். அதோடு சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் உரிய பரிசோதனைகளையும் அன்றே செய்துவிட்டால் மயக்க மருந்துக்கும் நோ மருந்துக்கும் அது உதவும்.

வீட்டிலும் பாருங்கள். உதட்டைத் தூக்கினால் முரசு வெளிறியிருக்கிறதா, அடிவயிற்றிலும் காதின் உட்பக்கத்திலும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, மூக்கில் இரத்தம் வந்ததா, சிறுநீர் கறுத்துப் போகிறதா. ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியர். டொக்சிசைக்கிளினைச் சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் தண்ணீர் குடிக்க வையுங்கள். வெறுந்தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

உண்ணியை நிறுத்தாமல் மருந்து மட்டும் கொடுப்பதில் பயனில்லை. எங்கள் பக்கத்து நாயுண்ணி நாயின் உடம்பில் இருப்பதை விடச் சுவர் வெடிப்பிலும் கொட்டில் கிடுகிலும் கழிக்கிற காலம் கூட. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், பட்டினியாக மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாய்க்கு வைத்தியர் தருகிற உண்ணிக் குளுசை, சிலது மூன்று மாதம் வரை நிற்கும். வலிப்பு வருகிற நாயென்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொட்டிலின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, படுக்கைச் சாக்கை எரித்துப் புதிதாக மாற்றுங்கள். கழிவு ஒயிலும் மண்ணெண்ணெயும் பூசுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். நாய் அதை நக்கும், தோல் வேகும். வெந்த தோலில் கத்தி வைக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

நிறை

நாய் தன் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் சுமக்கிறது. ஒவ்வொரு கூடுதல் கிலோவும் நேரே முழங்கைக்குப் போகிறது. மூட்டுவாதம் உள்ள பருத்த நாய்க்கு நிறையில் 6 சதவீதம் அளவு குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியக் குறையும். 38 கிலோ லாபிரடோர் ஒன்றுக்கு அது இரண்டேகால் கிலோ. கிழமைக்கு நிறையின் 1 முதல் 2 சதவீதம் குறைப்பது பாதுகாப்பான வேகம். ஆகவே ஆறு கிழமைக் காத்திருப்பில் இது முழுதாகக் கைகூடும். வளர்கிற குட்டிக்கு இப்படிக் குறைக்கக் கூடாது, கொழுக்க விடாமல் பார்த்தால் போதும்.

நிறுக்க மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. நெல் கொள்வனவு செய்கிற இடங்களில் இருக்கிற தட்டுத் தராசில் நாயை ஏற்றி நிறுக்கலாம். அது ஏற மறுத்தால் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி, உங்கள் நிறையைக் கழியுங்கள். கிழமைக்கு ஒரு தரம், அதே தராசு, காலையில் சாப்பாட்டுக்கு முன்னம். தராசு கிடைக்காவிட்டால் விலாவைத் தடவுங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ அப்படி விலா தட்டுப்பட வேண்டும்.

அந்த 38 கிலோ நாய் 32 இல் நிற்க வேண்டியதென்றால் நாளுக்கு 940 கலோரி அளவில் கொடுத்துக் குறைக்கலாம். வெந்த சோறு 250 கிராம், தோல் நீக்கி அவித்த கோழி அல்லது மீன் 350 கிராம், அவித்த பூசணி 200 கிராம், இதை இரண்டாகப் பிரித்துக் காலை மாலை. இது கிட்டத்தட்ட 900 வரும். உப்பு, வெங்காயம், தேங்காய்ப்பால் வேண்டாம். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எறிகிற பாண் துண்டும் பிஸ்கற்றும்தான் எப்போதும் கணக்கைக் கெடுப்பது. மீனில் சாளை, சூடை நல்லது. அவற்றின் கொழுப்பு மூட்டு அழற்சியைத் தணிக்கும். நன்றாக அவித்தே கொடுங்கள்.

கல்சியம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய இனக் குட்டி என்றால் கல்சியம் சிரப் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியின் குடல், வேண்டாத கல்சியத்தை விலக்கத் தெரியாமல் உறிஞ்சும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கிற பக்கற் உணவைச் சாப்பிடுகிற குட்டிக்கு மேலதிகமாகச் சிரப்பும் கொடுத்தால் இதே மூட்டு நோய்களைக் கூப்பிட்டு எடுப்பதாகும். வெறும் சோறும் இறைச்சியும் சாப்பிடுகிற குட்டிக்கோ கல்சியம் போதாமல் கால் வளையும், அதற்குக் கட்டாயம் வேண்டும், வைத்தியர் சொல்கிற அளவில். எந்தச் சாப்பாடு என்று கேளாமல் சிரப் எழுதிக் கொடுப்பது சரியில்லை.

நோக்குளுசை

நாயின் நோவுக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். நோவோடு கிடக்க விடுவது கொடுமை, தசையும் வற்றிப்போகும். ஆனால் மனிதருக்குள்ள டைக்குளோபினக், இபுபுரொபன் இரண்டும் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். டிஸ்பிரின் பிளேட்லெட்டின் வேலையையே கெடுக்கும். பல நாள் நீடிக்கிற அந்தக் கெடுதல் ஒப்பரேசனுக்கு நேரே குறுக்கே நிற்கும். வைத்தியர்கள் அதிகம் எழுதுகிறவை கார்ப்புரொபன், மெலொக்சிக்காம். மெலொக்சிக்காம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அடுத்த நாளிலிருந்து 0.1. 30 கிலோ நாய்க்கு 3 மில்லிகிராம். மருந்துக்கடையில் கிடைக்கிற மனிதக் குளுசை 7.5 அல்லது 15. ஒரு முழுக் குளுசை இரண்டரை மடங்கோ ஐந்து மடங்கோ ஆகிவிடும். "சின்னக் குளுசைதானே" என்று கொடுத்துவிட்டுக் கறுத்த தார்போன்ற மலத்தோடு வருகிற நாய்கள் இப்படித்தான் வருகின்றன. தோல் சொறிக்கோ உண்ணிக் காய்ச்சலுக்கோ பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் போட்டுக்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதையும் நோக்குளுசையையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

எண்ணெய் பூசிப் பத்து வைத்து இறுக்கிக் கட்டுவதும் நடக்கிறது. முறிவுக்கு அது எப்படியோ, இந்த மூட்டுக்கு இறுக்கிய கட்டு பாதத்தை வீங்க வைக்கும். கட்டுக்குள் வெந்த தோலும் ஒப்பரேசனைத் தள்ளிவைக்க ஒரு காரணமாகும்.

சங்கிலி அடைப்பு ஆகாது

"ஓய்வாக வைத்திருங்கள்" என்று வைத்தியர் சொல்வார். நாங்கள் சங்கிலியில் கட்டிவிட்டு ஓய்வு என்று நினைப்போம். வன்னியில் நாய் என்பது காவல். படலையில் சைக்கிள் மணி கேட்டால், வளவுக்குள் மாடு வந்தால், கூரையில் குரங்கு பாய்ந்தால் அது தன் முழுப் பலத்தோடும் சங்கிலி முடிகிற மட்டும் பாயும். சங்கிலி இழுபட்டதும் இரண்டு முன்னங்கால்களிலும் தொப்பென்று விழும். ஒரு நாளைக்கு இது எத்தனை தரம் நடக்கிறது என்று ஒரு காலை நேரம் இருந்து பார்த்தால் போதும். வெட்டித் தைத்த மூட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

வேண்டியது கூடு, அல்லது வலையடித்த ஒரு மூலை. எழும்பி நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும், ஓடிப் பாய இடம் இருக்கக் கூடாது. படலை கண்ணில் படாத பின்பக்கமாக, ஆள் நடமாட்டம் கேட்கிற குசினிப் பக்கமாக வையுங்கள். தனிமையில் விட்டால் ஊளையிட்டு வலையைப் பிய்க்கும். இந்தக் கூட்டுக்கு ஒப்பரேசனுக்கு முன்னமே பழக்க வேண்டும். சாப்பாட்டை அதற்குள்ளே வைத்து, முதலில் கதவைத் திறந்தபடி, பிறகு சிறிது சிறிதாக மூடி. வெட்டுக் காயத்தோடு புதுக் கூட்டுக்குள் தள்ளினால் அது முழு நேரமும் போராடும்.

வீட்டுத்திட்ட வீடுகளின் தேய்த்த சீமெந்துத் தரையும் மாபிள் தரையும் முழங்கைக்கு எதிரி. முன்னங்கால் இரண்டும் வழுக்கி அகலும்போது உட்பக்க மூட்டில்தான் அழுத்தம் விழும். கயிற்றுத் தும்புப் பாய் போடுங்கள். சாக்கு என்றால் இரண்டைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தைக் கட்டில் காலுக்குக் கீழே செருகுங்கள், இல்லாவிட்டால் சாக்கும் நாயும் சேர்ந்து வழுக்கும். நகத்தையும் பாத மயிரையும் வெட்டிவிடுங்கள்.

போய்வருவதும் அதற்குப் பின்னும்

திகதியை நீங்கள் தெரிவுசெய்ய முடியுமென்றால் மாரியைத் தவிருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வளவே சேறு, காயத்தை உலர்வாக வைத்திருக்க முடியாது. பெரும்போக அறுவடை முடிகிற மாசி, பங்குனி நல்ல காலம். அதற்காக இளம் குட்டியின் வேலையை அரை வருடம் தள்ள வேண்டாம். இரவுச் சாப்பாடு கொடுத்தபின் வேறு ஒன்றும் கொடுக்காதீர்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் சொல்வார்கள். ஊசி அட்டை, இரத்தப் பரிசோதனைத் துண்டு, கொடுத்த மருந்துகளின் பெட்டிகள், வீடியோ எல்லாம் கையில் இருக்கட்டும். வானில் கதிரையில் இருத்தாமல் நடுவே மெத்தை விரியுங்கள். இடையிடையே நிறுத்தி இறக்குங்கள். இறங்கும்போது குதிக்க விடாதீர்கள். வானிலிருந்து குதிக்கிற நாயின் முழுப் பாரமும் முன்னங்காலில்தான் இறங்கும். பலகை ஒன்று கொண்டுபோங்கள், அல்லது ஒரு கை நெஞ்சுக்கு முன்னாலும் மறு கை பின்தொடைக்குப் பின்னாலும் கொடுத்துத் தூக்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தரம். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை கழுத்துக் கூம்பைக் கழற்றவே கூடாது. பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று இரவில் கழற்றுகிறவர்களின் நாய்தான் விடிய முன்னம் தையலைப் பிய்த்து வைக்கும். எங்கள் வெக்கையில் பெரிய பயம் இலையான். காயத்தில் ஒரு பகலில் முட்டையிட்டுவிடும், அடுத்த நாளே புழு. நுளம்பு வலையைக் கூட்டின் மேல் போட்டு ஓரங்களைச் செருகுங்கள். காலையும் மாலையும் வெளிச்சத்தில் காயத்தைப் பாருங்கள். சிவப்பு கூடுகிறதா, கெட்ட மணம் வருகிறதா, தையல் இடையில் நீர் கசிகிறதா, நான்காம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு நொண்டல் கூடுகிறதா. கூடினால் உடனே போன் பண்ணுங்கள்.

நடை, முதல் இரண்டு கிழமையும் மலசலத்துக்கு மட்டும், பட்டியில், ஒரு தரம் ஐந்து நிமிடம். பிறகு வைத்தியர் சொல்கிறபடி கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். ஆறாம் கிழமை வரை பட்டியை அவிழ்க்கக் கூடாது. எலும்பை அறுத்த நாய்க்கு எக்ஸ்ரே பார்த்து ஒட்டியது தெரிந்த பிறகுதான். மூன்றாம் கிழமையளவில் நாய் நன்றாக நடக்கத் தொடங்கும், எல்லோரும் சரியாகிவிட்டது என்று அவிழ்த்துவிடுகிற கிழமை அதுதான். காயம் ஆறிய பின் தண்ணீரில் நடத்துவது நல்லது. நெஞ்சளவு ஆழத்தில் நடத்துங்கள், நீந்த விடவேண்டாம். குளங்களில் முதலை உண்டு என்பதால் குளத்துப் பக்கம் போகாதீர்கள். ஓடுகிற வாய்க்காலில் ஆழம் குறைந்த இடம் பாருங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

இந்த நோய் பரம்பரையில் வருவது. உங்கள் நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். குட்டி தந்தவரிடம், கோபமில்லாமல், விஷயத்தைச் சொல்லுங்கள். அதே ஈற்றில் பிறந்து ஒட்டுசுட்டானிலோ பரந்தனிலோ வளர்கிற மற்றக் குட்டிகளும் அநேகமாக அதே வயதில்தான் இருக்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் இப்போதே காலையில் ஒரு வீடியோ எடுத்துப் பார்த்தால், துருத்தல் 2 மில்லிமீற்றரைத் தாண்ட முன்னம் வைத்தியரிடம் போகலாம்.